ஐந்து மணிக்கு முன்னால் வந்து சேரும் அறிக்கை

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசைக்கு ஒரு நாளில் வருகிற மின்னஞ்சல்களைப் பார்த்தாலே போதும், மறுநாள் காலையில் நம் வீடுகளில் எதைப் பற்றிப் பேசுவோம் என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். நான் அப்படி ஒரு மேசையில் துணையாசிரியராக இருந்தவள். அப்புறம் பங்சாரில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்து, அதே மேசைகளுக்கு வாடிக்கையாளர்களின் பத்திரிகை அறிக்கைகளை எழுதி அனுப்புகிற வேலையைப் பல வருடம் பார்த்தேன். வாங்குகிற பக்கம், அனுப்புகிற பக்கம் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்று பேச்சு வந்தால் பலரும் நேராகப் பொய்ச் செய்திக்கும் விலைபோன நிருபருக்கும் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை, அதைவிட ரொம்பச் சாதாரணமான ஒன்றுதான் அதிகம் வேலை செய்கிறது. நல்ல தமிழில், இரண்டு புகைப்படத்தோடு, சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் வந்து சேரும் ஓர் அறிக்கை.

ஏன் ஐந்து மணி? தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில் ஆள் குறைவு. இரவு அச்சுக்குப் போவதற்குள் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்தி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். அதை யாராவது உட்கார்ந்து தமிழாக்க வேண்டும். நிருபர் வெளியே போய்க் கொண்டுவந்த செய்தியாக இருந்தால் சரிபார்க்க வேண்டும், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தமிழிலேயே தயாராக வந்த அறிக்கைக்கு இந்த வேலை எதுவும் கிடையாது. தலைப்பு போட்டால் போதும். பல சமயம் தலைப்பும் அறிக்கையிலேயே இருக்கும். யாரும் காசு வாங்கவில்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை. களைத்துப் போயிருக்கிற மூன்று பேர், பாதி காலியாகக் கிடக்கும் ஏழாம் பக்கம், கையில் ஓர் அறிக்கை. அவ்வளவுதான்.

ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்தைய காலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. வெளியிலிருந்து வருகிற தமிழ்க் கோப்பு பாதி நேரம் கட்டம் கட்டமாகத் திறக்கும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டி அனுப்பத் தெரிந்த நிறுவனத்தின் செய்தி அன்றைக்கே பக்கத்தில் ஏறிவிடும். கையால் எழுதித் தொலைநகலில் அனுப்பிய கோயில் நிர்வாகத்தின் செய்தியை, தட்டச்சுக்கு ஆள் கிடைக்கும்வரை ஒரு தட்டில் போட்டு வைப்பார்கள். இரண்டு நாள் கழித்து அது பழைய செய்தி ஆகிவிடும்.

அந்த அறிக்கையின் உள்ளே என்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் நிகழ்ச்சியைத் திறந்து வைத்த பிரமுகரின் பெயர், எல்லாப் பட்டங்களோடும். ஒரு பட்டம் விட்டுப்போனால் மறுநாள் காலை தொலைபேசி வரும். இரண்டாவது பத்தியில் நிறுவனத்தின் பெயர். மூன்றாவதில் தலைமை நிர்வாகியின் மேற்கோள். “இந்தியச் சமூகத்தின் கல்வி வளர்ச்சியில் எங்களுக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு” என்று அவர் சொன்னதாக இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. வரியை எழுதியது நான். அவர் அலுவலகம் அதன் ஆங்கில வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும். எங்கள் தொழிலில் இது ஒளிவுமறைவான காரியம் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். கூடவே ஒரு புகைப்படம். ஆள் உயர மாதிரிக் காசோலை, அதன் பின்னால் சீருடையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், கீழே ‘இடமிருந்து’ என்று தொடங்கும் பெயர் வரிசை. பிள்ளைகளின் பெயர் அதில் இருக்காது.

இந்தப் பழக்கத்துக்கு நூறு வருடத்துக்கும் மேல் வயது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில், பாலத்திலிருந்து நீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ரயில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, விபத்தை மூடி மறைக்க வேண்டாம், நாமே முந்திக்கொண்டு தகவல் கொடுப்போம் என்று சொல்லி நிருபர்களுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. நவீன காலத்தின் முதல் பத்திரிகை அறிக்கை அதுதான் என்று சொல்வார்கள். ஐவி லீ செய்ததில் நல்லதும் இருந்தது. அதற்கு முன்பு ரயில் நிறுவனங்கள் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே விடாது. ஆனால் முதலில் பேசுகிறவர் கையில்தான் கதையின் வாசல் இருக்கிறது என்பதை எல்லா நிறுவனங்களும் அன்றைக்கே கற்றுக்கொண்டன.

எங்கள் அலுவலகத்தில் மாதக் கடைசி என்றால் கத்தரிக்கோலும் அளவுகோலும்தான். வெளிவந்த செய்திகளை வெட்டி, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளப்போம். அதே இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுவோம். செய்தியை மக்கள் விளம்பரத்தைவிட அதிகம் நம்புவார்கள் என்பதால் அந்தத் தொகையை மூன்றால் பெருக்குவோம். அந்தக் கூட்டுத்தொகைதான் வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையின் முதல் வரி. 2010-ல் பார்சலோனாவில் கூடிய இத்துறை அமைப்புகள், விளம்பர மதிப்பை மக்கள் தொடர்பின் மதிப்பாகக் காட்டக் கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தன. அதற்குப் பிறகும் வாடிக்கையாளர்கள் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். எனக்கு அந்தப் பெருக்கல்தான் உறுத்தியது. வாசகர் நாளிதழ் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை மூன்று மடங்கு என்று விலை போட்டு வேறொருவருக்கு விற்கிறோம். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தது நாங்கள் இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முதியோர் இல்லத்துக்கு அரிசி, மளிகைப் பொட்டலம், பிள்ளைகளுக்குப் புத்தாடை. எல்லாம் உண்மையாக நடந்தவை, பலர் பயனடைந்தவை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைக்குப் பக்கம் இத்தனைதான். அதே வாரத்தில் இடம் கிடைக்காமல் போன செய்தி எது என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை. வந்ததைப் படிக்கலாம், விமர்சிக்கலாம், நம்பாமல்கூட இருக்கலாம். வராததை என்ன செய்வது?

1968-ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில் யாருக்கு ஓட்டு என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களைப் பேட்டி கண்டார்கள். உங்களுக்கு எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, அந்தப் பட்டியலை அந்த ஊர்க்காரர்கள் படித்த, பார்த்த ஊடகங்கள் எதற்கு அதிக இடம் கொடுத்தன என்ற பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. 1972-ல் வெளியான அந்த ஆய்வைத் தொடர்பியல் படித்த எல்லோருக்கும் தெரியும். அதை நம் ஊரில் கண்ணெதிரே பார்த்தது ரிம்பா கியாரா விவகாரத்தில்தான்.

கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது ரிம்பா கியாரா பூங்கா, 25 ஏக்கர். அதன் ஓரத்தில் நீண்ட வீடுகள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தற்காலிகக் குடியிருப்பு. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நம் மக்கள்தான் அங்கே இருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியபோது, நிரந்தர வீடு தருகிறோம், அதுவரை இங்கே இருங்கள் என்று குடியமர்த்தப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சுமார் 100 குடும்பம். 2017-ல் பூங்காவின் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை உயரமான எட்டுக் கட்டடங்களைக் கட்டக் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் அனுமதி கொடுத்தது. அதே திட்டத்தில் 350 வீடுகள் கொண்ட ஒரு மலிவு விலைக் கட்டடமும் இருந்தது. நீண்ட வீட்டு மக்களுக்கு வீடு அதில்தான் என்றார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள், 2023 ஏப்ரல் 18-ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து அனுமதியை ரத்து செய்தது.

அந்த வருடங்களில் நான் வேலை நிமித்தமாக ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் செய்திகளைப் படித்தேன். ஆங்கிலத்தில் படித்தவருக்கு இது பூங்காவின் கதை. மரங்கள், போக்குவரத்து நெரிசல், நகரத் திட்டம், நீதிமன்றம். தமிழில் படித்தவருக்கு இது வீட்டின் கதை. நாற்பது வருட வாக்குறுதி, கூரை ஒழுகும் அறைகள், காத்திருந்தே இறந்துபோன பெரியவர்கள். இரண்டும் நிஜம். ஆனால் ஒன்றை மட்டும் படித்தவர் இன்னொரு தரப்பை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். ‘பணக்காரர்கள் நடை போவதற்காக நம் ஏழைகளுக்கு வீடு கிடைக்காமல் செய்கிறார்கள்’ என்று செந்தூலில் என் சொந்தக்காரர்களே பேசினார்கள். பூங்காவுக்காக வழக்குப் போட்டவர்களும், நீண்ட வீட்டு மக்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வரி தமிழ் வாசகரிடம் போய்ச் சேர்ந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதேபோல, ஒவ்வொரு விசாரணையின்போதும் நீண்ட வீட்டில் இருக்கிற ஒரு பாட்டி என்ன நினைக்கிறார் என்று ஆங்கில வாசகருக்குச் சொல்லவும் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், 350 வீட்டைக் காட்டி எட்டுக் கோபுரங்களுக்கு ஆதரவு கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், நமக்குச் சட்டமன்ற உறுப்பினர் கிடையாது. 1974 பிப்ரவரி 1-ல் கூட்டரசுப் பிரதேசமான நாளிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும்தான். மாநகராட்சிக்கும் தேர்தல் இல்லை, அதன் தலைவரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறவர். சிலாங்கூரில் ஒரு தாமான்காரர் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சி மன்ற உறுப்பினர் என்று மூன்று கதவைத் தட்ட முடியும் என்றால், இங்கே ஒன்றுதான். அந்தக் கதவும் திறக்காவிட்டால் மிஞ்சுவது பத்திரிகையும் வாட்ஸ்அப்பும். மற்ற இடங்களில் ஓட்டு செய்கிற வேலையில் ஒரு பகுதியை இங்கே தலைப்புச் செய்தி செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இடம் அறிக்கை எழுத ஆள் வைத்திருப்பவருக்கே முதலில் கிடைக்கிறது என்றால் அது சின்ன விஷயம் கிடையாது.

பெரிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதற்கும் நம் நாடே உதாரணம். லண்டனில் எஃப்பிசி மீடியா என்று ஒரு நிறுவனம் இருந்தது. உலகத் தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சி தயாரிப்பார்கள், இன்னொரு பக்கம் அரசாங்கங்களுக்கு மக்கள் தொடர்பு வேலையும் செய்வார்கள். 2011-ல் சரவாக் ரிப்போர்ட் இணையத்தளம் அதை அம்பலப்படுத்தியது. 2012 பிப்ரவரியில் பிபிசி தன் உலகச் செய்தி அலைவரிசையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மலேசியா இடம்பெற்ற எட்டு நிகழ்ச்சிகளைத் தயாரித்த நிறுவனத்துக்கு மலேசிய அரசாங்கத்தோடு பணத் தொடர்பு இருந்ததாகத் தெரிகிறது என்று சொன்னது. 2013-ல் ஓர் அமெரிக்கக் கட்டுரையாளர், மலேசியத் தரப்புக்காக எழுதவும் எழுதவைக்கவும் சுமார் 390,000 டாலர் பெற்றதாக அமெரிக்க நீதி அமைச்சிடம் பதிவு செய்தார். அந்த எழுத்துகள் வெளிவந்தபோது படித்தவர்களுக்கு அவை வெறும் கட்டுரைகள்.

அதற்காக, காசு இருந்தால் எந்தக் கருத்தையும் உருவாக்கிவிடலாம் என்று நான் நம்பவில்லை. 2007 நவம்பர் 25-ல் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் நடத்திய பேரணிக்கு ஜாலான் அம்பாங் பக்கம் ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். எந்த மக்கள் தொடர்பு நிறுவனமும் அவர்களை அழைத்து வரவில்லை. குறுஞ்செய்தி வந்தது, துண்டுப் பிரசுரம் கைமாறியது, கோயில் வாசலில் பேச்சு நடந்தது. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதையும் கோயில் இடிபட்டதையும் மக்கள் தங்கள் வாழ்க்கையிலேயே பார்த்திருந்தார்கள். தொலைக்காட்சி வேறு மாதிரி சொன்னதால் அது மாறிவிடவில்லை. 2008 மார்ச் 8 தேர்தலுக்குப் பிறகு அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவியே, பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான் முக்கியம் என்று நினைத்து இணையத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, இனி அறிக்கை எதற்கு என்று கேட்பார்கள். டிக்டாக்கில் ஒரு காணொளி லட்சம் பேரைத் தொடும், உண்மைதான். மூன்று நாளில் அது கீழே போய்விடும். அலுவலகங்களில் கோப்பில் ஏறுவது இன்றும் அச்சான செய்திதான், தேதியும் பக்க எண்ணும் போட்ட வெட்டு. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது. மிச்சமிருக்கும் தமிழ் நாளிதழ்களில் ஆள் இன்னும் குறைந்திருக்கிறது. ஆள் குறையக் குறைய, தயாராக வரும் அறிக்கையின் பலம் கூடுகிறது.

அதனால்தான் நான் நிறுவனத்தை விட்டு வந்த பிறகு செந்தூலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு கோயிலின் சாப்பாட்டு மண்டபத்தில். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் வருவார்கள், மயானக் குழுக்காரர் ஒருவர் வந்தார், அதிகம் வருவது அடுக்குமாடிப் பெண்கள்.

சமீபத்தில் ஓர் அடுக்குமாடியிலிருந்து வந்தவர்களின் பிரச்சினை மின்தூக்கி. ஒரு கட்டடத்தில் இருந்த மின்தூக்கிகள் ஓடவில்லை. டயாலிசிஸ் போகிற ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பையன்கள் படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது மூன்று பக்கம். தொடக்கமே “பேரன்புமிக்க, பெருமதிப்பிற்குரிய” என்று இருந்தது. முதல் பக்கம் முழுக்கத் தலைவர்களுக்கு நன்றி. மின்தூக்கி என்ற சொல்லே இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. பெரியவர் விஷயம் கடைசிப் பத்தியில், அதுவும் “இன்னும் பல சிரமங்கள்” என்பதற்குள் அடங்கிப்போயிருந்தது.

“நன்றி சொல்லாட்டி கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா?” என்று ஆறாவது மாடிக்காரம்மா கேட்டார். சரி, கடைசியில் சொல்லுவோம் என்றேன். பெரியவரை மேலே கொண்டுவந்தோம். முதல் வரி இப்படி ஆனது: ‘வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குச் செல்லும் 71 வயது முதியவரை, மின்தூக்கி ஓடாததால், அண்டை வீட்டு இளைஞர்கள் பதினான்காவது மாடியிலிருந்து தூக்கி இறக்குகிறார்கள்.’ இரண்டாவது வரியில் மின்தூக்கி எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை. மூன்றாவதில் புகார் கொடுத்த தேதிகள், புகார் எண்கள். அந்தப் பெண்கள் புகார்ச் சீட்டு ஒவ்வொன்றையும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்த நிறுவனத்திலும் இவ்வளவு ஒழுங்கான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. நான்காவதில் என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம். ஐந்தாவதில் பேசத் தயாராக இருப்பவரின் பெயர், தொலைபேசி எண். பெரியவரின் பெயரைப் போடவில்லை, முகம் தெரியாமல் படிக்கட்டில் எடுத்த ஒரு படம் மட்டும் வைத்தோம். ஒரு பக்கம். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. மலாய் வடிவத்தை ஐந்தாம் படிவம் படிக்கிற ஒரு பெண்பிள்ளை எழுதினாள், என் மலாயைவிட நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை மதியம் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு நாளிதழில் நான்காம் பக்கத்தில் வந்தது, முதல் வரி மாறாமல். இன்னொரு பத்திரிகையின் நிருபர் நேரிலேயே வந்து படியேறிப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நிர்வாகத் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நல்ல தமிழ், யாரோ என்னைப் போல ஒருவர் எழுதியது. குடியிருப்பாளர்களின் நலனில் அக்கறை, உடனடி நடவடிக்கை, குத்தகையாளருக்கு உத்தரவு என்று எல்லாம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, படியுங்கள் என்றேன். ஆறாவது மாடிக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“அக்கா, எந்தத் தேதிக்குள்ள ஓடும்னு இதுல எங்கயுமே போடலையே?”

இரண்டாவது அறிக்கையை அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பித்தோம்.